கூட்ட முடியாத பேரேடு

மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கலைஞர் கிராமத்தின் பலகையை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். முப்பது வருஷமாக நானும் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். அதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களை நான் முதலில் பார்த்தது திருவனந்தபுரத்தில். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ரயிலுக்கு நாலு மணி நேரம் இருந்தது. அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில் அவருக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனோம்.

ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். கட்டம் கட்டமாகக் கோடுகள், எண்கள், ஜாதகக் கட்டம் போல ஒன்று, நடுவே பொடி எழுத்து. அசல் லெட்ஜர் பக்கம்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கப் பார்த்தேன். மலையாளம் போல இருக்கிறது, ஆனால் மலையாளம் இல்லை. எண்களைக் கூட்டினால் எதற்கும் விடை வரவில்லை. "என்னங்க, டேலி ஆகுதா?" என்றாள் என் மனைவி.

டேலி ஆகாது. ஆகக் கூடாது என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். ஊருக்கு வந்து படித்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. இளம் வயதில் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு 1936-இல், 25 வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். சர்க்கார் உத்தியோகத்தை விட்டு அந்தக் காலத்தில் படம் வரையப் போனால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே அவருடைய குரு தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான்.

தொடக்கத்தில் பணிக்கர் வரைந்தவை பச்சைப் பசேலென்ற கேரள நிலக்காட்சிகள். பிறகு மனிதர்கள் வந்தார்கள். தாயும் சேயும், ஏசுநாதர், காந்தி என்று பல படங்கள். 1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் கண்காட்சி வைத்தார். அடுத்துத் தோட்டம் என்ற வரிசை. அதில் வான்கோவின் சாயல் தெரியும். 1957-இல் தான் படித்த பள்ளிக்கே முதல்வரானார்.

பெயர், பதவி எல்லாம் வந்தாகிவிட்டது. இத்தோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1963-இல், 52 வயதில், மனித உருவங்களைப் பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டு 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். ஒரு மாணவரின் அல்ஜீப்ரா நோட்டுப் பக்கம்தான் அதற்குத் தூண்டுதல். அந்தக் கணக்கின் விடை அவருக்குத் தேவைப்படவில்லை. எண்ணும் எழுத்தும் ஒரு தாளில் உட்கார்ந்திருக்கும் அழகுதான் அவர் கண்ணில் பட்டது. நாற்பது வயதுக்குள்ளேயே கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது முரண்டு பிடித்தவன் நான். அதனால்தான் அவருடைய இந்தத் துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வணிகவியல் படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தைக் கைவிடுவது அவரை உறுத்தியது. பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஓவியர்கள் சேர்ந்து நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டல் உருவானது. கைத்தொழில் வருமானத்தில் வயிறு நிறையும், மிச்ச நேரம் ஓவியத்துக்கு. எத்தனையோ கடன் விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான திட்டம் அதிகம் வந்ததில்லை. புரவலர் தயவு இல்லாமல், ஓவியர்களே போட்ட முதலில் நின்ற ஊர் அது.

1977-இல் அவர் காலமானார். கடைசி வரை வரைந்துகொண்டிருந்தார். சோழமண்டலில் இன்றும் கலைஞர்கள் வசிக்கிறார்கள், காட்சிக்கூடமும் இருக்கிறது. ஒரு வேன் பிடித்து நம் குடியிருப்பிலிருந்து போய் வரலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். படிக்கிற கண்ணாடியை மறக்காதீர்கள்.