வைன் தொழில் அறவீடு

வைன் தொழில் அறவீடு என்பது திராட்சை பயிரிடுவோரிடமும் வைன் உற்பத்தி செய்வோரிடமும் சட்டப்படி திரட்டப்பட்டு, அத்தொழிலின் ஆய்வு, நோய்த்தடுப்பு, சந்தைப்படுத்தல் ஆகியவற்றுக்கே செலவிடப்படும் கட்டணம் ஆகும். மதுவின் மீதான ஆயத்தீர்வை அரசின் பொது வருவாயில் சேர்கிறது. அறவீடோ செலுத்தியோரின் தொழிலுக்கே நிதியாகத் திரும்புகிறது. இம்முறையை விரிவாகக் கையாளும் நாடுகளுள் ஆத்திரேலியா குறிப்பிடத்தக்கது.

தோற்றமும் தேவையும்

திராட்சைக் கொடியின் வேரைத் தாக்கி அழிக்கும் பைலோக்சரா என்னும் சிறு பூச்சி 1877 இல் ஆத்திரேலியாவின் விக்டோரியாவில் கண்டறியப்பட்டது. அண்டை மாநிலமான தெற்கு ஆத்திரேலியா 1899 இல் இதற்கெனத் தனி வாரியம் அமைத்தது. இவ்வாரியம் இன்று வைன்கெல்த் ஆத்திரேலியா என்னும் பெயரில், தோட்ட உரிமையாளர்களின் அறவீட்டைக் கொண்டு இயங்குகிறது. அம்மாநிலத்துக்குள் இப்பூச்சி இதுவரை நுழையவில்லை.

இத்தகைய பாதுகாப்பைத் தனியொரு உழவரால் பெற இயலாது. கட்டணத்தை விருப்பத்துக்கு விட்டால், செலுத்தாதவரும் பயன்பெறுவர்; நாளடைவில் செலுத்துவோர் குறைவர். எனவே அறவீடு கட்டாயமாக்கப்படுகிறது.

செயற்படும் முறை

ஆத்திரேலியாவில் நாடளாவிய அறவீடுகள் மூன்று உள்ளன.

1. திராட்சை ஆய்வு அறவீடு: பயிரிடுவோர் தாம் விற்கும் திராட்சையின் எடைக்கேற்பச் செலுத்துவது.
2. வைன் திராட்சை அறவீடு: வைன் ஆலைகள் தாம் பயன்படுத்தும் திராட்சையின் எடைக்கேற்பச் செலுத்துவது.
3. வைன் ஏற்றுமதிக் கட்டணம்: ஏற்றுமதி மதிப்பின் மீது விதிக்கப்படுவது. மதிப்பு உயர உயர விழுக்காடு குறையும்.

இத்தொகையை நடுவண் அரசின் வேளாண் துறை திரட்டி, 2014 சூலை 1 இல் இரு அமைப்புகளை இணைத்து உருவாக்கப்பட்ட வைன் ஆத்திரேலியா என்னும் நிறுவனத்துக்கு வழங்குகிறது. ஆய்வுச் செலவுக்கு, ஒரு வரம்புக்கு உட்பட்டு, அரசும் இணையான தொகையை அளிக்கிறது.

வட்டார நிதிகள்

தெற்கு ஆத்திரேலியாவில் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் மெக்லாரன் வேல், லாங்கார்ன் கிரீக், ரிவர்லாந்து முதலிய வட்டாரங்களுக்குத் தனி நிதிகள் உள்ளன. இவற்றின் பணம் அந்தந்த வட்டாரத்திற்கே செலவிடப்படுகிறது. விரும்பாத உறுப்பினர் செலுத்திய தொகையைத் திரும்பக் கோரலாம். இதனால் நிதியை நடத்துவோர் உறுப்பினரின் நம்பிக்கையைத் தக்கவைக்க வேண்டியுள்ளது.

குறைபாடுகள்

எடையின் அடிப்படையிலான அறவீடு விலையைக் கருத்திற் கொள்வதில்லை. எடுத்துக்காட்டாக, டன்னுக்கு 2 டாலர் என்பது 2,000 டாலர் விலையில் 0.1 விழுக்காடு, 200 டாலர் விலையிலோ 1 விழுக்காடு. ஆகவே மலிவான திராட்சை விளையும் வட்டாரங்களின் மீது சுமை கூடுதலாக விழுகிறது. 2021 இல் சீனா விதித்து 2024 மார்ச்சில் நீக்கிய இறக்குமதித் தீர்வை போன்ற சந்தை இழப்பை ஈடுசெய்யும் ஆற்றலும் அறவீட்டு நிதிக்கு இல்லை.

இந்தியாவில்

இந்திய அரசியலமைப்பின்படி மது மீதான ஆயத்தீர்வை மாநிலப் பட்டியலில் உள்ளது. சரக்கு மற்றும் சேவை வரியும் மதுபானங்களுக்குப் பொருந்தாது. எனவே வைன் தொழிலுக்கான ஆதரவு மாநிலந்தோறும் வேறுபடுகிறது. மகாராட்டிரத்தின் 2001 ஆம் ஆண்டுக் கொள்கை தீர்வை விலக்கையும், விஞ்சூர், பலூசு ஆகிய இடங்களில் வைன் பூங்காக்களையும் வழங்கியது. நடுவண் அரசு 2009 இல் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியத் திராட்சைப் பதனிடல் வாரியத்தை அமைத்தது.

அறவீட்டு முறை இந்திய வேளாண்மைக்குப் புதிதன்று. 1982 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி சர்க்கரை மீது விதிக்கப்பட்ட தீர்வை, ஆலை மேம்பாட்டுக்கும் கரும்பு வளர்ச்சிக்கும் கடன் வழங்கும் சர்க்கரை வளர்ச்சி நிதிக்கு ஆதாரமாக இருந்தது. புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள சுத்துக்கேணி போன்ற ஊர்களின் உழவர்களுக்கு, வைனை விடக் கரும்பே நெருக்கமானது. அதே கொம்யூனின் லிங்காரெட்டிப்பாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை அமைந்தது. சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017 இல் சர்க்கரைத் தீர்வை நீக்கப்பட்டது.