சுல்தானாவின் கனவும் எமது பிள்ளைகளின் கட்டுரையும்

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்கும்போது நாம் முன்னுரை, உடல், முடிவுரை என்று ஒரு சட்டகத்தைத்தான் கொடுக்கின்றோம். பிள்ளையும் "ஆய்வாளர்கள் கூறுகின்றனர்" என்று எழுதிவிடுகிறது. எந்த ஆய்வாளர், எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டால் பதிலில்லை. ஒரு கூற்றை நிறுவுவது எப்படி என்பதை ஒரு விஞ்ஞானப் புனைகதையில் காட்டலாம்.

அதை எழுதியவர் பேகம் ரொக்கையா. 1880இல், இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் பகுதியில் பிறந்தவர். அக்குடும்பத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் வழக்கமில்லை. நானாதான் இரவில் இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார். அப்படிப் படித்தவர் ஆங்கிலத்திலேயே எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையில் வெளிவந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில் அச்சானது.

கதையில் பறக்கும் வண்டி உண்டு, சூரிய வெப்பத்தில் சமையல் உண்டு. ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. ஆனால் எம்மைப் பிடித்து நிறுத்துவது அதிலுள்ள வாதம். சுல்தானா தன் காலத்து ஆட்சேபனைகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள், சாரா பதில் சொல்கிறாள். ஆணின் மூளை பெரியது, பாரமானது என்கிறாள் சுல்தானா. யானையின் மூளை அதைவிடப் பெரியது, ஆனாலும் மனிதன்தானே யானைக்குச் சங்கிலி போடுகிறான் என்கிறாள் சாரா. எதிராளியின் வாதத்தை மறைக்கவில்லை, எவரும் மறுக்க முடியாத ஒன்றைக் கொண்டு அதை உடைக்கிறார். எமது மாணவர் பலர் எதிர்வாதத்தை எழுதவே பயப்படுகின்றனர், புள்ளி குறையுமாம்!

கதையோடு அவர் நிற்கவில்லை. கணவர் மறைந்த 1909இல் பாகல்பூரில் 5 மாணவியருடன் பாடசாலை தொடங்கினார். 1911இல் கல்கத்தாவில் மீண்டும் 8 பேருடன் தொடங்கி, வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். 1931இல், பெண்களை அடைத்து வைத்ததால் நேர்ந்த 47 சம்பவங்களை இலக்கமிட்டு வங்காள மொழியில் நூலாக்கினார். 1905இல் வாதம், 1931இல் சான்று. ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டிய இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தன.

ஒன்றில் மட்டும் நாம் உடன்படவில்லை. சந்தையில் காட்டு விலங்கு நுழைந்தால் ஆபத்துத்தான், ஆனால் ஆண்களெல்லாம் காட்டு விலங்கா? அந்த ஒப்புமை எங்கே வழுக்குகிறது என்று அடுத்த தவணையில் பிள்ளைகளையே எழுதச் சொல்லப் போகின்றோம், ஆண் பிள்ளைகள் ரொக்கையாவின் பக்கம் நின்றும், பெண் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் நின்றும்.