யுவான் சுவாங் கண்ட பாடலிபுத்திரம்

கங்கைக் கரைப் பாடலியில் நந்தர் குவித்த செல்வத்தை அகநானூறும் அறியும். அந்நகர் மதிலில் 64 வாயில்களும் 570 கோபுரங்களும் இருந்தன என்பது கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸின் கூற்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனத் துறவி பாகியான், அசோகரின் அரண்மனை மனிதர் கைவேலையன்று என வியந்தார்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அதே நகரை நாடி வந்த யுவான் சுவாங் கண்டதென்ன? பாழடைந்த மதிலின் அடித்தளமே எஞ்சியிருந்தது. இடிந்த விகாரைகளும் கோயில்களும் நூற்றுக்கணக்கில் கிடந்தன. முழுமையாய் நின்றவை இரண்டோ மூன்றோதான். ஆற்றோரத்தில் ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர் மட்டும் இருந்தது.

ஏமாற்றம் தரும் காட்சியே எனினும், அவர் பயணம் அத்துடன் முடியவில்லை. நாளந்தாவில் முதுபெரும் ஆசான் சீலபத்திரரிடம் பல்லாண்டு பயின்றார். தெற்கே காஞ்சி வரையிலும் வந்தார். 645-இல் 657 நூல்களுடன் தாயகம் சேர்ந்து, எஞ்சிய வாழ்நாளை மொழிபெயர்ப்பிலே செலவிட்டார்.

பிழைப்பை நாடிப் பெருநகர் புகுந்த நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். கேள்வியுற்ற நகரும் கண்ட நகரும் ஒன்றாய் இருந்ததில்லை. அதற்காக வருந்தி அமர்வதினும், நல்லாசிரியரைத் தேடி நம் மக்களை அவர்பால் சேர்ப்பதே நாம் செய்யத்தக்க கடமையாகும்.