முதியோர் இல்லமும் சீதன வீடும்

முதுமை எல்லாச் சமுதாயங்களுக்கும் பொதுவானது. முதியோரைப் பேணும் முறையோ சொத்துரிமைக்கும் குடும்ப அமைப்புக்கும் ஏற்ப இடத்துக்கு இடம் வேறுபட்டு வந்துள்ளது. அம்பாறை மாவட்டக் கரையோர முஸ்லிம் ஊர்களிலே 'முதியோர் இல்லம்' என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்போரே பெரும்பாலர். "நமக்கு அது எதற்கு? பிள்ளைகள் இல்லையா?" என்பதே உடனடியாகக் கிடைக்கும் விடை. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த பாலமுனையிலும் இவ்விடையே கிடைக்கும். இவ்விடையிற் பெருமிதம் உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. ஆயின் அப்பெருமிதம் வெறும் அன்பின்மீது மாத்திரம் கட்டப்பட்டதன்று. அதற்கு நிலமும் வீடும் உறுதியும் சேர்ந்த ஒரு பொருளாதார அடித்தளம் இருந்தது. அவ்வடித்தளம் இன்று ஆட்டங்கண்டு வருகின்றது. முதியோர் இல்லம் எனும் நிறுவனம் உலகில் எவ்வாறு தோன்றி மாறியது என்பதையும், அதற்கு ஈடாக நம் கரையோரத்தில் நிலவிய ஏற்பாடு யாது என்பதையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாடுகளின் முதியோர் இல்லம் கருணையிலே பிறந்தது என்று எண்ணுதல் தவறு. அதன் முன்னோடி ஏழையர் விடுதியாகும். இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வறியோரைப் பேணும் பொறுப்பை அவ்வப் பங்குகளின்மீது சுமத்தியது. 1834இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, உதவி வேண்டுவோர் வேலையில்லத்தினுள் நுழைதல் வேண்டும் என்பதும், அங்குள்ள வாழ்வு வெளியிலுள்ள மிகக் கீழான கூலியாளின் வாழ்விலும் கீழானதாக இருத்தல் வேண்டும் என்பதும் கொள்கையாயின. சோம்பேறிகளை அச்சுறுத்தவே இவ்வேற்பாடு எனப்பட்டது. ஆனால் உழைத்து ஓய்ந்த கிழவருங் கிழவியரும் அதே சுவர்களுக்குள்ளேயே அடைக்கப்பட்டனர். கணவன் ஒரு பகுதியிலும் மனைவி மற்றொரு பகுதியிலும் பிரித்து வைக்கப்பட்டதும் உண்டு. முதியோர் இல்லம் என்றதும் நம்மவர் கொள்ளும் அருவருப்பு, நாம் ஒருபோதும் கண்டிராத இக்கட்டடங்களின் நிழலே எனலாம்.

1948இல் ஏழையர் சட்டம் நீக்கப்பட்டது. முதியோருக்கு உறைவிடம் அளிக்கும் கடமை உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சட்டத்தாலே விதிக்கப்பட்டது. எனினும் சட்டம் மாறிய வேகத்திற் கட்டடங்கள் மாறவில்லை. பீற்றர் ரவுன்சென்ட் என்னும் சமூகவியலாளர் 173 இல்லங்களை நேரிற் சென்று பார்த்து 1962இல் வெளியிட்ட நூல், பழைய வேலையில்லங்களே பெயர் மாறி இயங்கியதை எடுத்துக்காட்டியது. உணவும் படுக்கையும் கிடைத்தன; செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தனக்கெனப் பூட்டக்கூடிய ஓர் அலுமாரி இல்லை; உறவும் அயலும் அறுந்தன. வயிற்றுக்குக் குறைவில்லாத இடத்திலும் மனிதன் வாடலாம் என்பதை அவர் ஆய்வு நிறுவியது.

அமெரிக்காவிலும் கதை பெரிதும் வேறன்று. மாவட்ட நிருவாகங்கள் நடத்திய ஏழையர் பண்ணைகளே காலப்போக்கில் மாவட்ட முதியோர் பராமரிப்பு இல்லங்களாக உருமாறின. 1965இல் தோன்றிய அரச மருத்துவ நிதித் திட்டங்கள் இவ்வில்லங்களுக்குப் பணத்தைக் கொணர்ந்தன. பணத்தோடு முறைகேடுகளும் வந்தன. 1987ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு வாழ்வோரை உரிமையுடையோராக முதன்முதல் விரிவாக வரையறுத்தது. தக்க காரணமின்றிக் கட்டிவைக்கப்படாதிருத்தல், தமக்கென ஒரு குழு அமைத்து நிருவாகத்திடம் முறையிடல், தம் விருப்பத்துக்கேற்ற செயல்களில் ஈடுபடல் என்பன அதில் இடம்பெற்றன. பாட்டு, கைப்பணி, வழிபாடு, உறவினர் வருகை ஆகியவை மேலதிக அலங்காரங்களாகக் கருதப்பட்ட நிலை மாறி, மருந்தைப் போன்றே வழங்கப்படவேண்டிய சேவைகளாயின.

சமய நிறுவனங்களின் வரலாறு வேறொரு தடத்திற் செல்வது. 1839இல் பிரான்சில் ஜான் ஜுகான் என்னும் ஏழைப்பெண், பார்வையும் இயக்கமும் இழந்த ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கொணர்ந்து தன் படுக்கையை அவருக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. கையிற் கூடையேந்தி வீடு வீடாகச் சென்று இரந்து முதியோரைப் பேணிய இச்சகோதரிகள் 1888இற் கொழும்புக்கும் வந்தனர். இஸ்லாமிய உலகில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கது இஸ்தான்புல்லின் 'தாருல் அஜஸா' ஆகும். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1890களின் நடுப்பகுதியில் அமைத்த இவ்விடத்தில், ஆதரவற்ற முதியோருக்கென விடுதிகளுடன் பள்ளிவாசலும் தேவாலயமும் யூதர் தொழுகைக்கூடமும் ஒரே வளவினுள் எழுப்பப்பட்டன. உறைவிடத்தோடு வழிபாடும் உடனிருத்தல் வேண்டும் என்பதை, மேனாட்டுச் சட்டங்களுக்கு நெடுங்காலம் முன்னரே உணர்ந்த ஏற்பாடு இது. முதியோர் இல்லம் இஸ்லாமியப் பண்பாட்டுக்கே அந்நியமானது என்று மேடையில் முழங்குவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இலங்கையிலே 1831இற் கொழும்பில் தொடங்கிய ஃபிரெண்ட்-இன்-நீட் சங்கமும், 1850இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவமனை அமைத்த அதே பெயருடைய சங்கமும் தருமமுறையின் முன்னோடிகள். அரசு இத்துறையிற் புகுந்தது மெதுவாகவே. 1939ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் பெருநகரங்களை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டது. கிராமங்களை அது எட்டவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் அமைந்த சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அரசியலமைப்பு வரைஞராகவே நாம் நினைவுகூரும் ஒருவர் ஏழை முதியோரைப் பற்றியும் எண்ணவேண்டியிருந்தமை பல்கலைக்கழக மாணவரிடையே அதிகம் பேசப்படாத செய்தி. 1948இற் சமூக சேவைத் திணைக்களம் தோன்றியது. தமிழர் நன்கறிந்த அரச முதியோர் இல்லம் கைதடியில் உள்ளது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின் இத்தகைய சேவைகள் மாகாணங்களின் பொறுப்பில் வந்தன.

இவற்றினும் நம் கிராமங்களைத் தொட்டது மாதாந்த உதவிப்பணமே. அதன் உத்தியோகப் பெயர் பொதுசன உதவிப்பணம். ஊரார் வாயில் அது 'பிச்சைச் சம்பளம்'. சிங்களத்திலே இது 'பின்படி', அதாவது புண்ணியத்துக்காக வழங்கும் படி. ஒரே பணத்துக்கு ஒரு மொழியிற் கொடுப்பவரின் புண்ணியமும் மற்றொரு மொழியிற் பெறுபவரின் இழிவும் பெயராகியுள்ளன. உரிமை என்னும் பொருள் இரண்டிலும் இல்லை.

இனி நம் கரையோரத்துக்கு வருவோம். இங்கு முதியோர் இல்லம் தோன்றாமைக்குக் காரணம், அதன் பணியை வேறொன்று செய்துவந்தமையே. அது சீதன வீடு. இப்பகுதியின் முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறையை உடையோர். திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகின்றார். வீடும் வளவும் மகளுக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்படுகின்றன. 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாக விளக்கியுள்ளார். மூத்த மகளுக்குத் திருமணம் முடிந்ததும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்கு விட்டு, மணமாகாத பிள்ளைகளோடு அருகே வேறொரு வீட்டுக்கு நகர்வதுண்டு. அடுத்த மகளின் முறை வந்ததும் மீண்டும் அவ்வாறே. ஈற்றில் இளைய மகளோடு உம்மாவும் வாப்பாவும் தங்கிவிடுவர். வேலிக்கு அப்பால் மற்றைய பெண்மக்கள். குசினிகள் வேறானாலும் வளவு ஒன்றே.

இதன் சட்ட நுட்பமும் கவனிக்கத்தக்கது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் இறந்தவரின் சொத்தை மார்க்க முறைப்படி பங்கிடுகின்றது. அதன்படி மகனுக்கு மகளினும் இருமடங்கு. ஆயின் வீடோ தந்தை உயிரோடிருக்கும்போதே உறுதி மூலம் மகளிடஞ் சென்றுவிடும். மார்க்கச் சட்டமும் ஊர் வழக்கமும் மோதிக்கொள்ளாமல் இவ்வாறு அருகருகே நடந்தன. மகள் பெற்ற வீட்டுக்குக் கைம்மாறாக எதுவும் எழுத்தில் கேட்கப்படவில்லை. ஆனால் பெற்றோரின் முதுமை அவ்வீட்டிலேயே கழியும் என்பது எல்லோருக்குந் தெரிந்த விடயம். மருமகள் மாமியாரைப் பேணும் கடமையை வட இந்தியக் குடும்பம் வலியுறுத்தியதுபோல இங்கு வலியுறுத்த நேரவில்லை. தாயைப் பேணியவள் சொந்த மகள். தாய் வாழ்ந்ததும் தான் கட்டிய வீட்டிலேதான். மூத்தம்மாவின் கட்டில் பேரப்பிள்ளைகள் ஓதுமிடமாகவும் அயற்பெண்கள் கூடுமிடமாகவும் அமைந்தது. மேனாட்டு இல்லங்கள் சம்பளம் கொடுத்து ஆள் நியமித்து உண்டாக்க முயலும் 'சமூக வாழ்வு' இங்கு வேலியோரத்திலேயே கிடைத்தது.

இது கீழைத்தேயத்துக்கே உரிய சிறப்பு என்று சொல்லவும் இடமில்லை. ரவுன்சென்ட் தமது முந்திய ஆய்வொன்றில், கிழக்கு இலண்டனின் தொழிலாளர் குடும்பங்களிலே தாயும் மணமான மகளும் அண்மையில் வாழ்ந்து ஒருவரையொருவர் தாங்கியதைக் கண்டார். அவ்வாய்வு வெளியானது 1957இல். இல்லங்களுக்குச் சென்றோருள் மணமாகாதோரும் பிள்ளைப்பேறில்லாதோரும் மிகையாக இருந்தமையும் அவரால் அறியப்பட்டது. ஆகவே முதியோர் இல்லத்துக்கு மாற்றாக அங்கும் இங்கும் இருந்தவள் மகள். பாலமுனையின் பெருமையும் பெத்னல் கிரீனின் ஆறுதலும் ஊதியம் பெறாத பெண்களின் உழைப்பிலேயே நின்றன.

அப்படியாயின் மகளில்லாதவர் நிலை யாது? ஆண்மக்களை மாத்திரம் பெற்ற தாயின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வெவ்வேறு மனைவி வீட்டில் வாழ்கின்றனர். அங்கே அவள் விருந்தினள். அவ்வீட்டில் ஏற்கெனவே மருமகளின் தாய் இருக்கின்றாள். பிள்ளைகளே இல்லாத விதவையின் நிலை இன்னுங் கடினம். சகோதரியின் மகளோ, குடியைச் சேர்ந்த ஒருத்தியோ பார்ப்பதுண்டு. பள்ளிவாசல் ஸகாத்தும் சதகாவும் வழங்குவதுண்டு. ஆனால் இவை மனமிருந்தாற் கிடைப்பன. நமது முறையின் இந்த இடைவெளியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இடைவெளி விரிந்துகொண்டு செல்கின்றது. முதலாவது காரணம் நிலம். மேற்கே வயலும் கிழக்கே கடலும் எல்லையாக அமைந்த ஊர்களில் வளவுகள் தலைமுறைதோறும் துண்டாடப்பட்டுவிட்டன. ஒரு மகளுக்குக் கீழ்த்தளம், அடுத்தவளுக்கு மேல்தளம் என வீடுகள் உயர்கின்றன. முழங்கால் நோவுடைய வாப்பாவுக்குப் படிக்கட்டே வேலியாகின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை, 10,000க்கும் மேற்பட்டோரை, இழந்தது அம்பாறை மாவட்டமே. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது அவை பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' என்ற வகையிற் கணவன்மார் பெயரிற் பதியப்பட்டதை மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் சுட்டிக்காட்டியுள்ளனர். தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வீடு ஒரு படிவத்தின் கட்டத்தினுள்ளே ஆணின் சொத்தாயிற்று. உதவி செய்தோருக்குத் தீய நோக்கம் இருந்ததன்று. முதியோர் பராமரிப்பு அவ்வுறுதியிலேயே தங்கியிருந்தது என்பதை அவர்கள் அறியவில்லை. நாமும் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டாவது, பெண்கள் மத்திய கிழக்குக்கு வேலை தேடிச் செல்லல். முதுமையில் தாங்கவேண்டிய மகள் கடல் கடந்திருக்க, பேணப்படவேண்டிய மூத்தம்மாவே பேரப்பிள்ளைகளைப் பேணுகின்றாள். மூன்றாவது, ஆயுளின் நீட்சி. 1981இல் இலங்கையரில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 ஆக இருந்தனர்; 2012இல் அது 12.4 ஆகியது. சில மாதப் படுக்கை இன்று பல ஆண்டுப் படுக்கையாக நீள்கின்றது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இச்சூழலிலேயே வந்தது. பெற்றோரைப் புறக்கணித்தலாகாது எனப் பிள்ளைகளுக்கு அது விதிக்கின்றது. பராமரிப்புக் கோரி முறையிட ஒரு சபையையும் அமைத்துள்ளது. முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும். கிராமந்தோறும் முதியோர் சங்கங்களும் பகல்நேர நிலையங்களும் ஊக்குவிக்கப்படுகின்றன. பகலிற் கூடி உண்டு, தொழுது, பேசி, மருந்து பெற்று, மாலையில் வீடு திரும்பும் இந்நிலையம் நம் குடும்ப அமைப்போடு முரண்படாதது. ஆயின் திரும்பிச் செல்ல வீடில்லாதவருக்கு அது போதாது. அவருக்கு இல்லம் வேண்டும். அவ்வில்லம் அவருடைய ஊரிலேயே, பாங்கொலி கேட்கும் தூரத்தில், அயலவர் வந்து போகக்கூடியதாக அமைதல் வேண்டும். வக்பு நிலங்கள் இதற்குப் பயன்படலாமா என்பதை 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் நம்பிக்கையாளர் சபைகள் ஆராயலாம்.

பழைய நன்கொடை உறுதிகளில் ஒரு வாசகம் உண்டு. வீட்டைக் கொடுப்பவர் தம் ஆயுள் உள்ளவரை அதில் வாழும் உரிமையைத் தமக்கென ஒதுக்கிக்கொள்வார். 'சீவிய உரித்து' என அது வழங்கும். தருமமும் புண்ணியமும் கலவாத சொல் இது. இவ்வுரித்து எழுதப்பட்ட சீதன உறுதிகள் எத்தனை, எழுதப்படாதவை எத்தனை என்று சட்டம் பயிலும் மாணவர் எவரேனும் ஆராயின் பயன் மிகும். அதற்கு முன்னரே செய்யக்கூடியது, பாலமுனை முதலாய ஊர்களில் மகளில்லாத முதியோரின் கணக்கெடுப்பு. அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பள்ளிவாசலின் ஸகாத் இடாப்பும், கிராம அலுவலரிடமுள்ள வாக்காளர் இடாப்பும், விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர் சிலரும் போதும்.