சமக்குறியின் இரு பணிகள்: தொடக்கநிலைக் கணினி மொழிகளில் ஒப்பீடும் அணியும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணினி நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்போருக்கென உருவான மொழிகளிலும், அவர்கள் பெரிதும் கையாண்ட ஸ்கிரிப்ட் மொழிகளிலும், மதிப்புகளை ஒப்பிடும் குறியும் மதிப்புகளைத் தொகுக்கும் அணியும் வடிவுபெற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. 1964ஆம் ஆண்டின் பேசிக் மொழி முதல் 2020ஆம் ஆண்டின் பிஎச்பி எட்டாம் பதிப்பு வரையிலான வளர்ச்சி இதன் எல்லையாகும். கற்பவருக்கு எளிமை தரும் பொருட்டு மறைக்கப்பட்ட வேறுபாடுகள், அணியைக் கையாளும் இடத்தில் மீண்டும் தலைதூக்கின என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. தமிழ்க் கலைச்சொற்கள் இவ்வேறுபாட்டைத் தாங்கும் முறையும் சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: சமக்குறி, ஒப்பீடு, மதிப்பிருத்தல், அணி, பேசிக், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, கலைச்சொல்

முன்னுரை

சமக்குறியை அச்சில் முதன்முதலாகக் கையாண்டவர் வேல்சு நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் ஆவார். 1557இல் வெளியிட்ட தம் இயற்கணித நூலில், இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான பொருள் வேறில்லை என்பதைக் காரணமாகக் காட்டி அவர் அக்குறியை அமைத்தார். குறியின் இருபுறமும் உள்ளவை ஒரே மதிப்புடையவை என்னும் கூற்றே அதன் பொருள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அப்பொருள் மாறவில்லை. கணினி மொழிகள் தோன்றியபோதுதான் அக்குறி கூற்று என்னும் நிலையிலிருந்து கட்டளை என்னும் நிலைக்குச் சென்றது.

‘அ = அ + 1’ என்னும் வரியைக் கணித ஆசிரியர் பிழையெனத் திருத்துவார்; கணினி ஆசிரியர் அதனையே முதல் பாடமாக நடத்துவார். மாணவர் இருவரிடமும் பயில்கிறார். வலப்புறத்தைக் கணக்கிட்டு விடையை இடப்புற மாறியில் வை என்பதே கணினி மொழியில் இவ்வரியின் பொருள். இப்புதிய பொருள் வந்த பின்னர், ஒப்பிடுவதற்கு எந்தக் குறியைப் பயன்படுத்துவது என்னும் வினா எழுந்தது. மொழி வடிவமைப்பாளர்கள் இதற்குத் தந்த விடைகள் பல.

முன்னோடி மொழிகளின் விடைகள்

ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான், சமக்குறியை மதிப்பிருத்தலுக்கே ஒதுக்கியது. அதன் முதல் வடிவில் ஒப்பீட்டுக்குத் தனிக்குறி எதுவும் இல்லை. இரண்டு மதிப்புகளை ஒப்பிட வேண்டுமெனில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, விடை எதிர்மமா, சுழியமா, நேர்மமா என்பதற்கேற்ப மூன்று வரிகளுள் ஒன்றுக்குத் தாவுமாறு எழுத வேண்டியிருந்தது. ஒப்பீடு என்பது கழித்தலின் ஒரு வடிவமே என்னும் பொறியியல் உண்மையை இது மறைக்கவில்லை. ஆயினும் கற்பவருக்கு இது கடினமாகவே இருந்தது. ஆல்கால் மொழி மதிப்பிருத்தலுக்கு முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ‘:=’ என்னும் குறியை வழங்கி, தனிச் சமக்குறியை ஒப்பீட்டுக்கே மீட்டளித்தது. கோட்பாட்டளவில் இதுவே தெளிவான தீர்வு. எனினும் பெரும்பாலான தொடக்கநிலை மாணவர்கள் சென்ற வழி இதுவன்று.

பேசிக்: ஒரு சொல்லின் காவல்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மவுத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமெனி, தாமஸ் குர்ட்ஸ் ஆகியோர் பேசிக் மொழியை உருவாக்கினர். 1964 மே 1 அன்று விடியற்காலையில் அதன் முதல் நிரல்கள் இயங்கின. அறிவியல் பயிலாத மாணவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். ஆகவே முழு எண், பின்ன எண் என்னும் பாகுபாட்டைக்கூட அவர்கள் மாணவருக்குக் காட்டவில்லை. எல்லா எண்ணும் எண்ணே.

பேசிக் மொழியில் சமக்குறி இரு பணிகளையும் செய்தது. ஆனால் மதிப்பிருத்தும் வரி ஒவ்வொன்றும் ‘லெட்’ என்னும் சொல்லுடனும், ஒப்பிடும் வரி ‘இஃப்’ என்னும் சொல்லுடனும் தொடங்கியாக வேண்டும். குறி ஒன்றாயினும் முன்னிற்கும் சொல் பொருளைப் பிரித்துக் காட்டியது. லெட் வரி இயற்கணிதச் சமன்பாடன்று, கணினிக்கு இடும் கட்டளை என்பதை டார்ட்மவுத் கையேடும் எடுத்துரைத்தது. பிற்காலத்தில் வீண்சொல் எனக் கருதப்பட்ட லெட், உண்மையில் மயக்கத்தைத் தடுக்க வைத்த காவல் எனல் தகும்.

அக்காவல் நெடுநாள் நிலைக்கவில்லை. 1975இல் ஆல்டேர் கணினிக்கென வெளிவந்த மைக்ரோசாஃப்ட் பேசிக் மொழியில் லெட் விருப்பச் சொல்லாயிற்று. நினைவகம் சில ஆயிரம் பைட்டுகளே இருந்த காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் சுமையாகக் கருதப்பட்டது. விளைவாக, ‘அ = ஆ = 5’ என்னும் வரி அம்மொழியில் விந்தையான பொருள் பெற்றது. முதற்குறி மதிப்பிருத்தும், இரண்டாம் குறி ஒப்பிடும். ஆ என்பதன் மதிப்பு 5 ஆயின் அ என்பதில் −1 சேரும். இல்லையேல் 0 சேரும். இரண்டு மாறிகளிலும் 5 சேரும் என்று எதிர்பார்த்த மாணவருக்குப் பிழைச்செய்தி எதுவும் வராது. தவறான விடை மட்டுமே வரும். 1984இல் தொடங்கிய இந்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாகப் பள்ளிகளை அடைந்த பிபிசி மைக்ரோ கணினிகளின் பேசிக் மொழியிலும் லெட் கட்டாயமன்று. இந்தியப் பள்ளி மாணவருள் ஒரு தலைமுறையினர் காவல் நீங்கிய சமக்குறியையே முதலில் கண்டனர்.

அணியைப் பொறுத்தவரையிலும் பேசிக் தாராளமாக நடந்துகொண்டது. ‘டிம்’ என்னும் அறிவிப்பு இல்லாமலே, சுட்டெண் 10 வரையுள்ள அணியை மாணவர் பயன்படுத்தலாம். தொடக்கச் சுட்டெண் 0 ஆ, 1 ஆ என்பதில் பேசிக் வடிவங்கள் ஒன்றுபடவில்லை. 1978ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரம், இரண்டுள் ஒன்றை நிரலரே தெரிவு செய்ய ‘ஆப்ஷன் பேஸ்’ என்னும் கட்டளையை அளித்து வழக்கைத் தீர்க்காமல் முடித்து வைத்தது. சுழியத்திலிருந்து எண்ணுவதே தகும் என டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய சிறு குறிப்பு இவ்விவாதத்தில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

ஸ்கிரிப்ட் மொழிகள்: தானியங்கு மாற்றம்

கென் தாம்சனின் பி மொழியும் அதன் வழிவந்த சி மொழியும் மதிப்பிருத்தலுக்கு ஒற்றைச் சமக்குறியையும் ஒப்பீட்டுக்கு இரட்டைச் சமக்குறியையும் வைத்தன. 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி ஆகிய இரண்டும் இம்மரபையே ஏற்றன. ஆனால் இவற்றைப் பயன்படுத்தியோர் சி மொழியினர் போன்ற தொழில்முறை நிரலர் மட்டுமல்லர். இணையப் பக்கம் ஒன்றை அமைக்க முனைந்த எவரும் இவற்றைக் கையாண்டனர். படிவத்தில் பயனர் இடும் ‘5’ எழுத்துச் சரமாகவே நிரலை வந்தடையும். அதனை எண் 5 உடன் ஒப்பிட்டால் சமம் என்று கூறுவதே எளிமை எனக் கருதப்பட்டது. ஆகவே இரட்டைச் சமக்குறி, ஒப்பிடுமுன் தரவினத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆற்றல் பெற்றது.

இதே சிக்கலை 1987இல் வெளிவந்த பெர்ல் மொழி வேறு வகையில் அணுகியிருந்தது. அங்கு எண்ணாக ஒப்பிடக் குறியும், சரமாக ஒப்பிடத் தனிச்சொல்லும் உண்டு. எது வேண்டும் என நிரலர் சொல்லியாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டும் பிஎச்பியும் அம்முடிவை நிரலரிடமிருந்து எடுத்துக்கொண்டன.

வருத்தம் விரைவிலேயே தொடங்கியது. 1997இல் நெட்ஸ்கேப் நிறுவனம் ஜாவாஸ்கிரிப்ட் 1.2 பதிப்பில் இரட்டைச் சமக்குறியின் தானியங்கு மாற்றத்தை நீக்கிப் பார்த்தது. பழைய நடத்தையே பின்னர் மீண்டும் நிலைபெற்றது. எழுதப்பட்டுவிட்ட பக்கங்கள் உடையாமல் காக்க வேண்டும் என்னும் நெருக்கடி, மொழியின் இலக்கணத்தைவிட வலியதாயிற்று. மாற்றமின்றி ஒப்பிடும் மும்மைச் சமக்குறி 1999ஆம் ஆண்டின் தரத்தில் இடம்பெற்றது. 2000இல் வந்த பிஎச்பி நான்காம் பதிப்பும் அதனைச் சேர்த்தது. ஒரு கோடு குறைந்தால் கட்டளை, ஒரு கோடு மிகுந்தால் கண்டிப்பான ஒப்பீடு என்னும் இந்நிலையை ரெக்கார்ட் எதிர்பார்த்திருக்க இயலாது.

அணியில் வெளிப்பட்ட மறைவு

தனி மதிப்புகளில் அரிதாகவே தட்டுப்படும் இம்மயக்கம் அணிகளில் அடிக்கடி தட்டுப்படும். பிஎச்பி அணியில் ஒரு மதிப்பைத் தேடும் செயற்கூறு, மதிப்பு கிடைத்தால் அதன் சுட்டெண்ணையும், கிடைக்காவிடில் ‘பொய்’ என்பதையும் திருப்பித் தரும். தேடிய மதிப்பு முதல் இடத்தில் இருந்தால் கிடைக்கும் சுட்டெண் 0. இரட்டைச் சமக்குறிக்கு 0 என்பதும் பொய் என்பதும் சமம். எனவே முதலில் நிற்பவர் பட்டியலிலேயே இல்லாதவராகிவிடுகிறார். சுழியத்திலிருந்து எண்ணும் மரபும் தரவினம் மாற்றும் ஒப்பீடும் தனித்தனியே குற்றமற்றவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிழை பிறக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் தேடற் செயற்கூறு கிடைக்காமைக்கு −1 தருவதால் இக்குழியிலிருந்து பெரும்பாலும் தப்பியது.

மற்றோர் எடுத்துக்காட்டும் நோக்கத்தக்கது. ‘மதுரை’, ‘திருச்சி’ என்னும் இரு சரங்களைக் கொண்ட அணியில் எண் 0 உள்ளதா என வினவினால், பிஎச்பி ஏழாம் பதிப்பு வரை ‘உண்டு’ என்றே விடை வரும். எண்ணுடன் ஒப்பிடப்படும் சரம் எண்ணாக மாற்றப்பட, இலக்கமற்ற சரம் சுழியமாகிவிடும். 2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்புதான் இவ்விதியை மாற்றியது. ஒரு குறியின் பொருளைத் திருத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அத்திருத்தமும் முழுமையன்று. சுழியத்தை அடுத்து அடுக்கு குறிக்கும் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் அதன்பின் இலக்கங்கள் மட்டுமேயும் அமைந்த இரு சரங்கள், வெவ்வேறாயினும் இரட்டைச் சமக்குறியில் இன்றும் சமமே; இரண்டும் எண்ணளவில் சுழியம். கடவுச்சொற்களின் சுருக்கக் குறியீடுகள் இவ்வடிவில் அமைந்துவிட்டால், தவறான கடவுச்சொல்லும் ஏற்கப்படும் வாய்ப்பு உண்டு.

வரிசைப்படுத்தல் என்பதும் ஒப்பீடே. ஜாவாஸ்கிரிப்டில் 10, 9, 1 ஆகிய எண்களைக் கொண்ட அணியை இயல்பு முறையில் வரிசைப்படுத்தினால் 1, 10, 9 என வரும். எண்கள் சரங்களாக மாற்றப்பட்டு அகராதி முறையில் ஒப்பிடப்படுவதே காரணம். சமக்குறியில் எண்ணின் பக்கம் சாய்ந்த மொழி, வரிசையில் சரத்தின் பக்கம் சாய்கிறது. இரண்டு அணிகளை முழுமையாக ஒப்பிடும்போதும் மொழிகள் வேறுபடுகின்றன. ஒரே உறுப்புகள் கொண்ட இரு தனி அணிகள் ஜாவாஸ்கிரிப்டில் சமமல்ல. அங்கு கேட்கப்படுவது ஒரே பொருளா என்பது. பிஎச்பியில் அவை சமம். அங்கு கேட்கப்படுவது ஒரே உள்ளடக்கமா என்பது. எளிமை என்னும் ஒரே நோக்கம் இரண்டு எதிர்விடைகளைத் தந்துள்ளது.

நெதர்லாந்தில் கற்பவருக்கென உருவான ஏபிசி மொழி, மதிப்பை மாறியில் ‘இடு’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் மதிப்பிருத்தலைக் குறித்து, சமக்குறியை ஒப்பீட்டுக்கே விட்டுவைத்தது. அதில் பணியாற்றிய குவிடோ வான் ராசம் பின்னர்ப் படைத்த பைத்தான், சி மரபின் இரட்டைக் குறிக்கே திரும்பியது. ஆயினும் 2008ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், எண்ணையும் சரத்தையும் பெரிது சிறிது என ஒப்பிட முயன்றால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். தவறான விடையைவிடப் பிழைச்செய்தியே கற்பவருக்கு உதவி என்னும் எண்ணம் இதில் புலப்படுகிறது.

தமிழ்க் கலைச்சொற்கள்

2018இல் தொடங்கிய தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்பின் கணினிப் பயன்பாடுகள் பாடம் ஜாவாஸ்கிரிப்டையும் பிஎச்பியையும், கணினி அறிவியல் பாடம் பைத்தானையும் ஏற்றன. இங்கு ஒற்றைச் சமக்குறி ‘மதிப்பிருத்து செயற்குறி’ எனவும், இரட்டைச் சமக்குறி ‘ஒப்பீட்டுச் செயற்குறி’ வகையினதாகவும் வழங்கும். ‘மதிப்பிருத்து’ என்பது செயலைச் சுட்டுகிறது, சமத்தன்மையைச் சுட்டவில்லை. டார்ட்மவுத்தில் லெட் செய்த வேலையைத் தமிழில் கலைச்சொல் செய்கிறது. ஆயினும் ‘அ சமம் அ கூட்டல் ஒன்று’ என்று வாய்விட்டுப் படிக்கும்போது அச்சொல் கைநழுவி, கணிதப் பொருளே மாணவர் செவியில் விழுகிறது. ‘அணி’ என்பதிலும் ஒரு பொதுமை உண்டு. தமிழ்நாட்டுக் கணிதப் பாடத்தில் நிரைகளும் நிரல்களும் கொண்ட அமைப்பும் அணியே; கணினிப் பாடத்தில் ஒற்றை வரிசையும் அணியே. இலங்கைத் தமிழ்க் கணித வழக்கு முன்னதைத் ‘தாயம்’ எனப் பிரித்துக்கொண்டதால் அங்கு இம்மயக்கம் குறைவு.

முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009இல் கட்டுரையாக வெளியிட்ட எழில் என்னும் தமிழ் நிரல்மொழி இவ்வகையில் கருதத்தக்கது. ஆங்கில மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலில் நிபந்தனை முதலிலும் ‘ஆனால்’ என்னும் சொல் அதன் பின்னும் நிற்கின்றன. இங்கு ‘ஆனால்’ எதிர்மறை இணைப்புச் சொல்லன்று. ஆகு என்னும் வினையடியாகப் பிறந்த நிபந்தனை எச்சம். தொடரின் வரிசை இவ்வாறு தமிழ் இலக்கணத்துக்கு இயைய மாறியது. அந்நிபந்தனைக்குள் இருக்கும் இரட்டைச் சமக்குறி சி மரபில் வந்தபடியே நிற்கிறது. அதனை வாயால் படிக்கத் தமிழ் வகுப்பறைகளில் இன்னும் ஒரு பொதுச்சொல் நிலைபெறவில்லை.