முதல் பெண்ணும் அடுத்த பெண்ணும்

பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி தொடங்கப்பட்ட ஆண்டு 1895. தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து அங்கே முதலில் படிக்க வந்த பெண்கள் ஊராரின் ஏச்சையும் பேச்சையும் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இரண்டாமவள் வந்தாள், நூறாமவளும் வந்தாள். வகுப்பறையும் ஆசிரியைகளும் அங்கேயே இருந்ததால் ஒருத்தி போட்ட பாதை அடுத்தவளுக்கும் பயன்பட்டது. இன்று திருநெல்வேலியில் ஒரு பெண் பட்டம் வாங்குவது செய்தியே அல்ல.

டென்னிஸில் அப்படி நடக்கவில்லை. அங்கே சாதிக்கும் பெண்ணை இன்னும் ‘முதல் பெண்’ என்றே எழுதுகிறோம். அந்தச் சொல்லில் இருக்கும் பெருமை நம் கண்ணில் படுகிறது. அதில் இருக்கும் வெறுமை படுவதில்லை.

கோயம்புத்தூரில் 1976இல் பிறந்த நிருபமா வைத்தியநாதன், 1998இல் ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் ஆட்டமொன்றில் வென்ற முதல் இந்தியப் பெண் என்று கொண்டாடப்பட்டார். ஆனால் பம்பாயைச் சேர்ந்த லீலா ராவ் 1934இலேயே விம்பிள்டனில் ஒரு சுற்று வென்றிருந்தார். 1952இல் ரீட்டா தாவர் விம்பிள்டன் சிறுமியர் பிரிவில் இறுதி ஆட்டம்வரை சென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்த 1968க்குப் பிந்தைய காலத்தில் நிருபமா முதல்வர் என்பதே சரியான கணக்கு. இந்தத் திருத்தம் அவருடைய பெருமையைக் குறைக்காது. முன்னே போனவர்களின் பெயர்கூட அடுத்த தலைமுறைக்கு வந்து சேரவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது.

லீலாவின் தாய் க்ஷமா ராவ் சமஸ்கிருத எழுத்தாளர்; தாமும் டென்னிஸ் ஆடியவர். நிருபமாவின் தந்தை ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் ஆடியவர். மகளுக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே. இரண்டு கதைகளிலும் பள்ளியும் அரசும் செய்திருக்க வேண்டிய வேலையை வீடு செய்தது. அப்படியானால் விளையாட்டு தெரிந்த பெற்றோர் இல்லாத பெண் எங்கே போவாள்? கிளப் உறுப்பினர் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பெண்? பெரியவளானதும் அரைக்கால் சட்டை போடக் கூடாது என்று நிறுத்தப்பட்ட பெண்? அவர்கள் தோற்றவர்கள் பட்டியலில்கூட இல்லை. ஆடவே வராதவர்களுக்கு வரலாறு பக்கம் ஒதுக்குவதில்லை.

ஆடத் தொடங்கிய பிறகும் கணக்கு எளிதல்ல. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 இடங்கள். உலகத் தரவரிசையில் ஏறத்தாழ முதல் நூறு பேர்தான் நேரே நுழைய முடியும். மற்றவர்கள் தகுதிச் சுற்றுகளில் வென்று வர வேண்டும். தரவரிசைப் புள்ளிக்காகச் சிறு போட்டிகளைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். 1990களில் கடைநிலைப் போட்டி ஒன்றின் மொத்தப் பரிசுப் பணமே 10,000 டாலர். அதை எல்லா ஆட்டக்காரர்களும் பகிர்ந்துகொள்வார்கள். முதல் சுற்றில் தோற்றவளுக்கு விமானக் கட்டணம்கூடத் தேறாது. நிருபமா பெரும்பாலும் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகவே பயணம் செய்தார். ஒற்றையர் பிரிவில் அவர் எட்டிய உயர்ந்த இடம் 134. நேரடி நுழைவுக்கு இன்னும் சில பத்து இடங்கள் தேவைப்பட்டன. அந்தத் தூரத்தைத் திறமைக் குறைவு என்று மட்டும் படிப்பது அநியாயம். பணமும் துணையும் இல்லாததும் அதில் சேர்ந்திருக்கிறது.

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்ற அவர், 2013இல் ‘தி மூன்பாலர்’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். பந்தை உயரத் தூக்கி எதிராளியின் கோட்டருகே இறக்குவதுதான் மூன்பால். தன் கதையைத் தானே எழுதி வைத்தது, வென்ற ஆட்டத்துக்கு நிகரான செயல். லீலா ராவின் வெற்றி மறக்கப்பட்ட விதத்தை நினைத்தால் இது புரியும்.

2005இல் சானியா மிர்சா ஆஸ்திரேலிய ஓபனில் மூன்றாம் சுற்றை எட்டினார். அவருக்கும் துணை நின்றது தந்தைதான். 2025இல் கோவையின் மாயா ராஜேஸ்வரன் 15 வயதில் மும்பை ஓபன் அரையிறுதிக்கு வந்தபோது மகிழ்ந்தோம். அவருடைய பயிற்சிப் பாதையும் ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள அகாடமிக்குத்தான் போனது.

‘முதல் பெண்’ யார் என்பது வினாடி வினாவுக்கு உதவும். பாளையங்கோட்டையில் இன்று மட்டையைக் கையில் எடுக்கும் சிறுமிக்கு வேறு கேள்விகள் முக்கியம்: தினமும் ஆடப் பொதுத் திடல் இருக்கிறதா, சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, தோற்ற மாதத்திலும் பயணச் செலவைத் தாங்க யாராவது உண்டா? கல்வியில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இந்த ஊர் நூறாண்டுக்கு முன்பே கட்டடம் எழுப்பி விடை சொன்னது. விளையாட்டில் அந்த விடை இன்னும் அப்பாவின் சம்பளப் பையிலேயே இருக்கிறது.