இரண்டு டர்போ கார்களும் ஓர் எண்ணெய் நெருக்கடியும்

புதிய காரொன்றின் விளம்பரத்தைப் பார்ப்பவர்களின் கண் முதலில் தேடுவது குதிரைவலுவைக் குறிக்கும் எண்ணைத்தான். அந்த எண் பெரிதானால் காரும் சிறந்தது என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழையானது என்பதை 1970களில் ஐரோப்பாவில் வெளிவந்த இரண்டு சிறிய கார்களின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியைச் சுழலச் செய்து, அதன் மூலம் கூடுதலான காற்றை எஞ்சினுக்குள் அழுத்திச் செலுத்தும் சாதனமே டர்போ. இதற்கான காப்புரிமையை சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூஹி 1905இல் பெற்றார். 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில், செவ்ரொலே கார்கள் சிலவற்றில் இது இடம்பெற்றபோதிலும் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

1973 செப்டெம்பரில் பிராங்போர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ‘2002 டர்போ’வை அறிமுகம் செய்தது. இரண்டு லீற்றர் எஞ்சின், 170 குதிரைவலு, மணிக்கு 210 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகம். முன்னால் செல்பவர் தமது கண்ணாடியில் வாசித்து வழிவிடவேண்டும் என்பதுபோல, காரின் பெயர் அதன் முகப்பில் தலைகீழ்ப் பிம்பமாக எழுதப்பட்டிருந்தது. இந்த ஆணவம் ஜேர்மனியில் பலத்த கண்டனத்துக்குள்ளானது.

அடுத்த மாதமே அரபு - இஸ்ரேல் யுத்தம் மூண்டது. எண்ணெய்த் தடை வந்தது. பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 3 டொலராக இருந்த எண்ணெயின் விலை 1974இன் தொடக்கத்தில் 12 டொலரை நெருங்கியது. மேற்கு ஜேர்மனியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதே தடைசெய்யப்பட்டது. வேகத்தைப் பறைசாற்றிய கார் பிறந்த வேளை இது. 1975இல் உற்பத்தி நின்றபோது, தயாரிக்கப்பட்டிருந்தவை 1,672 கார்கள் மட்டுமே.

ஆனால், பழி முழுவதையும் எண்ணெய் நெருக்கடியின்மீது சுமத்துவது நியாயமாகாது. அந்த எஞ்சின் தனது உச்ச முறுக்குவிசையைத் தந்தது நிமிடத்துக்கு 4,000 சுழற்சிகளில். அதற்குக் கீழே அது மந்தமாக இருந்தது. அதன் பின்னர் வலு திடீரெனப் பொங்கி வந்தது. ஈரமான வீதி வளைவொன்றில், பின்சில்லுகளால் உந்தப்படும் காரில், இது சாதாரண ஓட்டுநருக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1977இல், அதே பிராங்போர்ட்டில் சுவீடனின் சாப் நிறுவனம் ‘99 டர்போ’வைக் காட்சிப்படுத்தியது. இதுவும் இரண்டு லீற்றர் எஞ்சின்தான். குதிரைவலுவோ 145 மட்டுமே. முறுக்குவிசை ஏறக்குறைய பி.எம்.டபிள்யூவின் அளவே, ஆனால் அது 3,000 சுழற்சிகளிலேயே கிடைத்தது. மிகையான புகையை வேறு வழியால் வெளியேற்றும் வால்வொன்றைப் பொருத்தியதால், விரைவில் சுழலத் தொடங்கும் சிறிய டர்போவைப் பொறியியலாளர்களால் பயன்படுத்த முடிந்தது. காரை இழுத்துச் சென்றவை முன்சில்லுகள். லொறியொன்றை முந்திச் செல்ல வேண்டிய கணத்தில் வலு தயாராக இருந்தது. உச்ச வேகத்தில் அது பி.எம்.டபிள்யூவுக்கு ஈடாகாது, விலையும் குறைவானதல்ல. ஆயினும் 10,000க்கும் மேற்பட்ட கார்கள் தயாரிக்கப்பட்டன.

ஒன்று ஓட்டப் பந்தயத்துக்காகவும் மற்றையது அன்றாடப் பயணத்துக்காகவும் சிந்தித்தவர்களின் ஆக்கங்கள் என்றே இவ்விரண்டையும் நான் காண்கிறேன். இன்று சாதாரண குடும்பக் கார்களிலும் காணப்படும் சிறிய டர்போ எஞ்சின்கள், குறைந்த சுழற்சியிலேயே வலுவைத் தரும் இரண்டாவது வழியில் வந்தவையே.

வரலாற்றின் முரண் இதுதான்: சரியான விடையைக் கண்ட சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் வங்குரோத்தானது. பி.எம்.டபிள்யூவோ பின்னாளில் டர்போவைத் தனது பெரும்பாலான எஞ்சின்களில் பொருத்தி வளர்ந்தது. நல்ல தீர்வைக் கண்டவர்களுக்கே அதன் பலனும் கிட்டும் என்ற நியதி சந்தையில் இல்லை. வாங்குபவருக்கு எஞ்சும் பாடம் எளியது. எத்தனை குதிரைவலு என்பதுடன், அது எத்தனை சுழற்சிகளில் கைக்கு வருகிறது என்பதையும் கேட்டறிந்த பின்னரே பணத்தைச் செலுத்தவேண்டும்.